திருச்சாரணத்து மலையில் ஒரு முற்பகல்

கிழக்கேகோட்டையிலிருந்து தெற்கே நாகர்கோவில் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து, களியக்காவிளையில் மாநில எல்லையைத் தாண்டினால் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் மார்த்தாண்டம் வருகிறது. சாலைக் கடைவீதியில் வணிகம் செய்யும் நம் வாடிக்கையாளர்களுக்கு மார்த்தாண்டம் என்றவுடன் தேன்தான் நினைவுக்கு வரும். அவ்வூரிலிருந்து 7 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிதறால் மலையை அவர்களுள் பலர் கண்டதில்லை என்பது பேச்சுவாக்கில் தெரியவந்தது. அதனால், விடுமுறை நாளொன்றில் எங்கள் கிளையின் அலுவலர்களும் விருப்பமுள்ள வாடிக்கையாளர்களுமாகப் பதினெட்டுப் பேர் அங்குப் புறப்பட்டோம். எங்கள் கிளையில் ஓய்வூதியம் பெறும் வரலாற்று ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக வர இசைந்தார். நல்ல வழிகாட்டி இல்லாமல் இம்மலைக்குச் செல்வது, மொழி தெரியாத பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

மலையேற்றம் என்ற சொல் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. அடிவாரத்திலிருந்து உச்சியை அடுத்த கோயில்வரை கல் பாவிய பாதை உண்டு. அதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவே. ஆயினும் பாதை விடாமல் ஏறிக்கொண்டே செல்வதால், வெயில் ஏறுமுன் தொடங்குவது நலம். எங்களுடன் வந்த கரமனை மூதாட்டி ஒருவர், முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் முந்திரி மரங்களின் நிழலில் நின்று நின்று ஏறிவிட்டார். மேலே செல்லச் செல்ல மேற்குத் தொடர்ச்சி மலையும், தென்னந்தோப்புகளும், தொலைவில் ஆற்றின் கோடும் புலப்படுகின்றன.

இரு பெரும்பாறைகளுக்கு இடையே ஓர் ஆள் செல்லத்தக்க இடுக்கு. அதைக் கடந்தவுடன் மறுபுறத்தில் குடைபோல் கவிந்த பாறை. அதன் முகப்பில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். முக்குடையின்கீழ் அமர்ந்த திருவுருவங்கள், தலைக்குமேல் நாகம் படமெடுத்து நிற்கும் பார்சுவநாதர், அருகில் சிங்கமும் குழந்தைகளும் சூழ நிற்கும் அம்பிகை இயக்கி. சிற்பங்களின் அளவு சிறியது. அவற்றின் அமைதியோ பெரிது. கவிந்த பாறையின் அடியில் மண்டபமும் கருவறைகளும் உள்ளன. பாறையின் தலையில் செங்கல்லாலான விமானம் சிதைந்து நிற்கிறது. கீழே சிறிய சுனை.

இம்மலைக்குப் பழைய பெயர் திருச்சாரணத்து மலை. வானில் இயங்கும் ஆற்றல் பெற்றவர்களாகச் சமணர் போற்றிய சாரணர் என்னும் முனிவர்களைக் குறித்து எழுந்த பெயர் அது. சிற்பங்களின் அருகே வட்டெழுத்தில் சில பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் அச்சணந்தி என்பதும் ஒன்று. மதுரையைச் சூழ்ந்த ஆனைமலை முதலிய குன்றுகளிலும் அப்பெயர் உண்டு.

ஆசிரியர் எங்களை நெடுநேரம் நிறுத்தியது விக்கிரமாதித்த வரகுணன் என்னும் ஆய் மன்னனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டைப் பற்றிச் சொல்வதற்காகத்தான். 9ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்டவன் அவன். பேராயிற்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்தியார், இம்மலைப் படாரியாருக்குப் பொன் அணிகலன் வழங்கிய செய்தியை அக்கல்வெட்டு கூறுகிறது.

“சார், குரத்தியார் என்றால் குறவர் குலத்தவரா?” என்று மூதாட்டி கேட்டார்.

“இல்லை அம்மா. குரவர் என்றால் ஆசான். குரத்தி அதன் பெண்பால். பெண் ஆசிரியர் என்று கொள்ளுங்கள்” என்றார் ஆசிரியர்.

அதன்பின் அவர் சொன்னது எங்களை வியப்பில் ஆழ்த்தியது. கோவில்பட்டியை அடுத்த கழுகுமலையின் சமணக் கல்வெட்டுகளில் திருச்சாரணத்துக் குரத்தியார் குறிக்கப்பெறுகின்றனர். இந்த மலையின் ஆசிரியைகளுடைய புகழ் அவ்வளவு தொலைவுக்கும் சென்றிருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு பெண் தம் ஆசானின் பெயரையும், தம் பெயரையும், தாம் அளித்த பொன்னையும் கல்லில் பதியச் செய்தார். அந்தப் பொன் எங்கே போயிற்று என்று அறிய வழியில்லை. ஆவணம் மட்டும் இருக்கிறது. பேரேடுகளுடன் பழகிய எங்களுக்கு அது சிறிது உறுத்தலாகவும் இருந்தது.

13ஆம் நூற்றாண்டளவில் இவ்விடம் பகவதி கோயிலாகிவிட்டது. தமிழ்ப் பல்லவரையன் என்பவர் பகவதியின் கோயிலுக்குப் பணம் வழங்கியதைக் கூறும் கல்வெட்டும் இங்கு உண்டு. கும்பிடும் தெய்வத்தின் பெயர் மாறியது, கொடை தொடர்ந்தது, பழைய சிற்பங்களை யாரும் உடைத்தெறியவில்லை. இது சிறிய செய்தி அன்று என்பது எங்கள் கருத்து. அவர்கள் செய்யாததை நம் காலத்தவர் செய்கின்றனர். பாறைகளில் காதலர் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. வட்டெழுத்தை வாசிக்கத் தெரிந்தோர் சிலரே. அதன்மேல் புதிய கீறல் விழுந்தால் அந்தச் சிலராலும் வாசிக்க இயலாது. எங்களுடன் வந்த கல்லூரி மாணவன் ஒருவன், பாறைமேல் சாய்ந்து படமெடுக்க முனைந்தபோது ஆசிரியர் தோளைப் பற்றி விலக்கினார். கோபிக்கவில்லை, விரலால் எழுத்தைச் சுட்டிக் காட்டினார். மாணவன் செருப்பைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்தான்.

இவ்வூர் அமைந்த விளவங்கோடு வட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆகியவற்றின் பகுதியாக இருந்தது. ஆகவே இதன் பழைய ஆவணங்களைத் திருவனந்தபுரத்திலும் தேடவேண்டும். வரகுணனுக்கு முன் ஆண்ட கருநந்தடக்கன், 866ஆம் ஆண்டில் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் 95 மாணவர்க்கான சாலையும் நிறுவியதைக் கூறும் செப்பேடுகளுக்கு ‘ஹுசூர் அலுவலகச் செப்பேடுகள்’ என்றே பெயர். அவை நம் நகரத்து ஹுசூர் அலுவலகத்தில் இருந்தவை. காந்தளூர்ச் சாலையின் முறைமையே அதற்கு முன்மாதிரி. காந்தளூரைக் கிழக்கேகோட்டைக்கு அருகிலுள்ள வலியசாலையுடன் இணைத்துச் சொல்வோர் பலர்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். தம்பானூரிலிருந்து நாகர்கோவில் செல்லும் பேருந்துகள் மார்த்தாண்டத்தில் நிற்கும். தொடர்வண்டியில் செல்வோர் குழித்துறையில் இறங்கலாம். மலைமேல் கடைகள் இல்லை. குடிநீரைக் கீழிருந்தே கொண்டுசெல்ல வேண்டும், வெற்றுப் புட்டிகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மழைக்காலத்தில் பாறை வழுக்கும். முற்பகலில் சிதறாலை முடித்துக்கொண்டால், மாலையில் நடைதிறக்கும் வேளையில் முஞ்சிறை அருகிலுள்ள பார்த்திவபுரம் பெருமாளையும் தரிசித்துவிட்டு இரவு உணவுக்கு வீடு திரும்பலாம்.