செம்மரம்: நட்டவருக்கு வருமானம், திருடியவருக்குச் சிறை

திருப்பதிக்குச் சென்று திரும்புவோர் கொலுவுக்கு ஒரு ஜோடி மரப்பாச்சி வாங்கி வருவது பழைய வழக்கம். அந்தப் பொம்மையின் சிவப்பு பூசிய சாயமன்று. செம்மரத்தின் இயற்கை நிறம். தெலுங்கில் இதை எர்ர சந்தனம் என்பர். பெயரில் சந்தனம் உண்டே தவிர, மணம் கிடையாது.

சித்தூர், கடப்பை, நெல்லூர், கர்நூல் வட்டார மலைகளும், அவற்றை ஒட்டிய தமிழகக் காடுகளுமே இதன் தாயகம். கல்லும் பாறையுமான மேட்டு நிலமும் குறைந்த மழையும் இதற்குப் போதும். தண்ணீர் தேங்கினால் தாங்காது.

உள்ளூரில் இதன் பயன்கள் பல. வீட்டுத் தூணுக்கும் வண்டிக்கும் ஏருக்கும் கட்டை ஆகும். தழை ஆடுமாடுகளுக்குத் தீவனம். வீக்கம் கண்டால் கட்டையைக் கல்லில் இழைத்துப் பற்றுப் போடுவர். காளஹஸ்திக்கு அருகேயுள்ள மாதவமாலா கிராமச் சிற்பிகள் இதில் தெய்வ உருவங்கள் செதுக்கிப் பெயர் பெற்றவர்கள்.

உயிர் குடித்த கடத்தல்

சீனத்து மரச்சாமான்களுக்கும் ஜப்பானிய இசைக்கருவிகளுக்கும் இந்தக் கட்டை தேவைப்படுகிறது. அலை அலையான ரேகை ஓடிய கட்டைக்குத் தனி விலை. கடத்தல் பெருகியதற்கு இதுவே காரணம்.

மரம் வெட்டத் தரகர்கள் அழைத்துச் செல்வது பெரும்பாலும் வட தமிழகத்து ஏழைக் கூலிகளை. 2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தாக்க வந்ததால் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. துப்பாக்கிக்கும் சிறைக்கும் இரையாவது கூலியே. லாபம் முழுவதும் வேறு கைகளுக்குப் போகிறது.

சொந்த நிலத்தில்

செம்மரம் 1995 முதல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் உள்ளது. 2021இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. காட்டு மரத்தைக் காக்க வேண்டுமானால், பட்டா நிலத்தில் வளர்ப்பது பெருக வேண்டும். அப்படி வளர்த்த மரத்தை ஏற்றுமதி செய்ய 2019இல் மத்திய அரசு வழி திறந்தது. 2025இல் தேசியப் பல்லுயிர் ஆணையம், ஆந்திரத்தில் செம்மரம் வளர்த்த 198 விவசாயிகளுக்குப் பங்குத் தொகையாக சுமார் 3 கோடி ரூபாய் விடுவித்தது.

ஆனால், அவசரக்காரர்களுக்கு ஏற்ற பயிரல்ல இது. வைரம் பாய 25, 30 ஆண்டுகள் ஆகும். முதல் சில ஆண்டுகள் இடையே மானாவாரிப் பயிர் செய்யலாம். தன் நிலத்து மரமானாலும், வெட்டவும் ஏற்றிச் செல்லவும் வனத்துறை அனுமதி வேண்டும். ஆகவே, நட்டவுடனேயே கிராமக் கணக்கில் பதிந்து வைப்பது நல்லது.

சொந்த ஊரில் மேட்டு நிலம் தரிசாகக் கிடப்போர் யோசிக்கலாம். தந்தை நட்டது பிள்ளையின் கைக்கு வரும். தரகரின் கூலியை நம்பிக் காடேறினால், ஊர் திரும்புவதே நிச்சயமில்லை.