கம்பத்துக் கன்று, தென்காசி மண்: ருசி ஏன் மாறுகிறது?

குத்துக்கல்வலசையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: 'கம்பத்தில் பன்னீர் திராட்சைக் கன்று வாங்கி வந்து பந்தல் போட்டேன். காய்ப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த இனிப்பும் வாசனையும் இல்லை. என் மண்ணில் எந்தச் சத்து குறைகிறது?'

குறைவது சத்தாக இருக்க வேண்டியதில்லை. மண் தன் ருசியை அப்படியே பழத்துக்குள் ஏற்றிவிடுவதில்லை. எவ்வளவு தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொடிக்குக் கொடுக்கிறது என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

சிவப்பு ஒயினுக்குப் பேர்போன ஸ்பெயினைப் பாருங்கள். அங்கே பிரியோராட் மலைச்சரிவுகளில் மண் என்று சொல்வதற்கே அதிகமில்லை. எல்லாம் உடைந்த சிலேட்டுக்கல் சில்லுகள். மழைநீர் நிற்காமல் இறங்கிவிடும். கொடி ஆழமாக வேர்விட்டுத்தான் பிழைக்க வேண்டும். விளைச்சல் சொற்பம், பழமும் சிறிது. சிறிய பழத்தில் சாறு குறைவு, தோல் அதிகம். நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலில்தான் இருப்பதால் ஒயின் அடர்த்தியாக வருகிறது. நம் ஆட்கள் அந்த நிலத்தைப் பார்த்தால் புறம்போக்கு என்று விட்டுவிடுவார்கள்!

கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம். பன்னீர் திராட்சையின் அசல் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பார்கள். வெளிநாட்டுக் கொடிதான்; ஆனாலும் 2023-இல் கம்பத்தின் பெயரிலேயே புவிசார் குறியீடு கிடைத்தது. கொடி எங்கிருந்தும் வரலாம், ஊர் வராது.

வாசகர் செய்யக்கூடியது என்ன? முதலில் வடிகால். இரண்டு அடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் கொடிக்கு அந்த இடம் ஆகாது. அடுத்து, எடை கூடட்டும் என்று கடைசி நாள்வரை தண்ணீர் பாய்ச்சும் பழக்கம். வியாபாரி எடைக்குத்தான் காசு தருகிறார், உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் இனிப்பைக் கரைத்துவிடும், பழமும் வெடிக்கும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே பாசனத்தை நிறுத்துங்கள். திராட்சை பறித்தபின் இனிக்காது. கொடியிலேயே பழுக்க வேண்டும்.

தென்காசிக்கே உரிய சிக்கல் குற்றாலச் சாரல். ஆனி, ஆடியில் பழம் பழுத்தால் பூஞ்சணமும் வெடிப்பும் நிச்சயம். கவாத்து செய்து சுமார் நான்கு மாதத்தில் அறுவடை. தை முதல் வாரத்தில் கவாத்து செய்தால் சித்திரைக் கடைசியில், சாரலுக்கு முன்பே, நல்ல வெயிலில் பழம் கைக்கு வரும்.

ஒன்று மட்டும்: எவ்வளவு இனித்தாலும் அதைக் கம்பம் பன்னீர் திராட்சை என்று விற்க முடியாது.