வீட்டிலுள்ள நஞ்சும் நாட்டுச் சட்டமும்

எலிக்கும் கரப்பானுக்கும் களைக்கும் நாம் இடுவது நஞ்சேயாகும். அதனை ‘மருந்து’ என்றழைத்துப் பழகியதே நம் அச்சத்தைக் குறைத்துவிட்டது போலும்! மலேசியாவில், 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பூச்சிக்கொல்லி வாரியத்தில் பதிவு பெறாத நஞ்சினை விற்றல் குற்றமாகும். போத்தலில் ஒட்டிய தாளில் ‘எல்.ஆர்.எம்.பி.’ என்னும் எழுத்துகளுடன் பதிவெண் இருக்கும். அஃதில்லாததை வாங்கலாகாது.

அத்தாள் ஒட்டிய போத்தலிலேயே நஞ்சும் இருத்தல் வேண்டும். சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைப்பதனால் விளையும் கேடு பெரிது. தோட்டங்களில் நெடுங்காலம் தெளிக்கப்பட்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லி, ஒரு மிடறு உட்சென்றாலும் உயிரைப் பறிக்கவல்லது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. 2002இல் அரசாங்கம் அதற்குத் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, இறுதியில், 2020 ஜனவரி முதல் நாள் தொட்டு முற்றாக விலக்கிற்று. லயத்துக் கொல்லையில் பழைய போத்தல் எதுவும் கிடக்கிறதா எனப் பெற்றோர் தேடிப் பார்ப்பாராக. கண்டால் சாக்கடையில் கொட்டாது, விவசாய இலாகாவைக் கேட்பாராக.

கொசுவுக்கு வேறு சட்டமுண்டு. நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருப்பவருக்கு மட்டுமன்றி வீட்டின் உடைமையாளருக்கும் ஆணையிட வகை செய்கிறது. ஆதலின், வாடகைக்கு விட்டவர் வாளாவிருத்தல் இயலாது. ஏடிஸ் முட்டை கொசுவாவதற்கு 7 முதல் 10 நாள் போதும். வாரந்தோறும் பூச்சாடித் தட்டின் நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவினால், அவ்விடத்தில் நஞ்சே தேவைப்படாது.