சைகோனிலிருந்து வந்த சமையலறை

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிப் பிரயாணம் செய்கிறவர்கள், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையையும் பாலாறு கடலில் சேரும் முகத்துவாரத்தையும் தாண்டி, செங்கற்பட்டு மாவட்டத்தின் தென்கோடியில் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதில்களை அடையும்போதே பிரெஞ்சு சரித்திரத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளே செய்த உதவிக்குக் கைம்மாறாக 1750-இல் தக்காண சுபேதார் முசாபர் ஜங் அந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தார். பத்து வருஷத்துக்குள் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தார்கள். அப்பால் மரக்காணத்து உப்பளங்கள். அவற்றையும் கடந்தால், மல்லையிலிருந்து ஏறக்குறைய 95 கிலோமீட்டரில் புதுச்சேரி. இவ்வளவு தூரம் போய், மஞ்சள் சுவர்களையும் பிரெஞ்சுத் தெருப் பெயர்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அநேகர். அந்நகரில் ஒரு வேளைப் போஜனத்தையாவது, ஒரு குடும்பம் தன் கையாலேயே சமைத்துத் தானே பரிமாறும் சிறியதொரு வியட்நாம் உணவகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பிரெஞ்சு ஆட்சியினால் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவற்றுள் மிக அருமையானது அந்தச் சமையலே என்றும், அதைக் கொண்டுவந்தவர்கள் சரித்திரப் புத்தகங்களில் பெயர் ஏறாத ஸ்திரீகள் என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

வியட்நாம் என்றதும் கற்றறிந்தவர்கள் முற்காலத்தில் அங்கிருந்த சம்பா தேசத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். மீ சோனில் சிவாலயங்கள் எழுப்பிய சம்பா மன்னர்கள் வடமொழியில் சாசனங்கள் பொறித்ததும், அவற்றின் எழுத்து பல்லவர் எழுத்தோடு உறவுடையதாக இருப்பதும், கடல்மல்லை என்னும் மாமல்லபுரத்துத் துறையில் நின்ற மரக்கலங்களைத் திருமங்கையாழ்வார் பாடியிருப்பதும் பெருமைக்குரிய செய்திகளே. ஆயினும் இந்தச் சமையல் அந்தப் பழம்பெருமையின் வழிவந்ததன்று. இது நம் பாட்டனார் காலத்துச் சங்கதி.

1859-இல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. சில ஆண்டுகளில் வியட்நாமின் தென்பகுதி கொச்சின்சீனா என்ற பெயரில் பிரெஞ்சுக் குடியேற்ற நாடாயிற்று. 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தம் சமூக வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்று, புதிதாகக் குடும்பப் பெயர் சூடிக்கொண்ட புதுச்சேரித் தமிழர்கள் பலர் அங்கே போலீஸிலும் சுங்கத்திலும் வரிவசூலிலும் கலங்கரை விளக்கங்களிலும் பட்டாளத்திலும் உத்தியோகம் பெற்றுக் கப்பலேறினார்கள். நகரத்தார் லேவாதேவிக் கடைகள் வைத்துத் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். தென்னாட்டு முஸ்லிம் வணிகர்கள் 1935-இல் சைகோன் நகரின் நடுவே மசூதி கட்டினார்கள். அங்குள்ள மாரியம்மனை இன்றைக்கும் வியட்நாம் ஜனங்கள் ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள். உத்தியோகம் பார்க்கப் போனவர்களில் சிலர் அந்த ஊர்ப் பெண்களையே மணந்துகொண்டார்கள். 1954-ஆம் ஆண்டு மே மாதத்தில் வியட்நாமில் பிரெஞ்சுப் படை காத்துநின்ற தியென் பியென் பூ அரண் வீழ்ந்தது. அதே வருஷம் நவம்பர் முதல் தேதி புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்தது. ஒரே ஆண்டில் இரண்டு கரைகளிலும் பிரெஞ்சு ஆட்சி சரியவே, குடும்பங்கள் மூட்டை கட்டின. 1975-இல் சைகோன் வீழ்ந்தபோது எஞ்சியிருந்தவர்களிலும் பலர் புறப்பட்டார்கள். சிலர் பிரான்ஸுக்குப் போனார்கள். சிலர் புதுச்சேரிக்குத் திரும்பினார்கள்.

திரும்பினார்கள் என்று நாம் எழுதுவது ஆண்களுக்குத்தான் பொருந்தும். அவர்களுடைய மனைவிமாருக்கு அது கண்டறியாத தேசம். பாஷை தெரியாது, கட்டிய உடை வேறு, கும்பிட்ட தெய்வம் வேறு. மாமியாரும் நாத்தனாரும் நிறைந்த வீட்டுக்குள் வந்து, தமிழ் பேசக் கற்று, சாம்பாரும் மீன் குழம்பும் வைக்கக் கற்று, பிள்ளைகளை இந்த ஊர்ப் பிள்ளைகளாகவே வளர்த்த அந்தப் பெண்கள், தம் தாய்வீட்டுக்கென்று வைத்துக்கொண்டது அடுப்பில் ஒரு மூலையை மட்டுமே. அந்த மூலையிலிருந்து வந்ததுதான் நமக்கு இப்போது கிடைக்கும் விருந்து. உத்தியோகஸ்தர்களின் பதவியும் சம்பளமும் ஓய்வூதியமும் பிரெஞ்சு அரசாங்கத்தின் தஸ்தாவேஜுகளில் உண்டு; இவர்களுடைய கைப்பக்குவம் மகளுக்கும் மருமகளுக்கும் வாய்மொழியாகச் சென்றதைத் தவிர வேறு பதிவு அநேகமாக இல்லை.

நான் சொல்லும் உணவகங்களில் மேஜைகள் சிலவே இருக்கும். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு திரை தொங்கும். மகள் சமைக்க, பேரப்பிள்ளை தட்டு எடுத்து வர, வயது முதிர்ந்த அம்மாள் ஓரத்து நாற்காலியில் அமர்ந்து வந்தவர்களுக்குச் சுருட்டிச் சாப்பிடும் விதத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள். அங்கே அவசரப்படுவது மரியாதையன்று. ஃபோ என்னும் சூப்புக்கு எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவிட வேண்டும். சுட்ட வெங்காயமும் இஞ்சியும், பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூவும் அதில் மெல்ல இறங்க வேண்டும். முதல் நாளே சொல்லிவைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது உத்தமமாகக் கிடைக்கும்.

முதலில் வருவது சா யோ. அரிசித் தாளில் கொத்திய இறைச்சியோ இறாலோ, கண்ணாடிச் சேமியாவும் காளானும் சேர்த்துச் சுருட்டிப் பொரித்தது. அந்த அரிசித் தாளைச் செய்யும் விதம் தமிழ்நாட்டுப் பெண்களுக்குப் புதியதன்று: அரைத்த அரிசி மாவைக் கொதிக்கும் பானையின் வாயில் கட்டிய துணிமேல் மெல்லியதாகப் பரப்பி, ஆவியில் வெந்ததும் எடுத்து, மூங்கில் தட்டியில் வெயிலில் உலர்த்துவார்கள். நம் வீடுகளில் இலை வடாம் இடுவதும் இதே காரியந்தான். நாம் உலர்ந்ததை எண்ணெயில் பொரித்துக்கொண்டோம். அவர்கள் தண்ணீரில் நனைத்துப் பச்சிலைகளைச் சுற்றவும் கற்றார்கள். அடுத்து வரும் பான் ஸேயோ அரிசி மாவில் தேங்காய்ப் பாலும் மஞ்சள் தூளும் கரைத்து, முறுகலாக வார்த்து, இறாலும் முளைகட்டிய பயறும் வைத்து மடித்தது. தோசைக்கல்லோடு வளர்ந்தவர்களுக்கு அதன் விளிம்பு முறிகிற ஓசையே போதும்.

இலைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தட்டு நிறையப் புதினாவும் கொத்தமல்லியும் கீரை இலைகளும் வரும். அவற்றோடு திருநீற்றுப்பச்சிலையின் இனத்தைச் சேர்ந்த துளசியும் இருக்கும். நம் தோட்டத்தில் தலைக்குச் சூடவும் விதையைச் சர்பத்தில் போடவும் மட்டும் பயன்படும் செடியின் உறவை அவர்கள் போஜனத்தின் உயிராகவே வைத்திருக்கிறார்கள். வல்லாரையை அரைத்துக் குளிர்ந்த பானமாகக் குடிக்கிறார்கள். வாழைப்பூவைப் பச்சையாகவே மெல்லியதாகச் சீவி எலுமிச்சை பிழிந்து உண்கிறார்கள். நம் கொல்லைப்புறத்துப் பொருள்களுக்கு இத்தனை ருசி உண்டு என்பதை வேற்று நாட்டு மருமகள்கள் வந்து காட்டியது எனக்கு மிகுந்த சந்தோஷத்தை அளிக்கிறது. முடிவில் வரும் காபி, சின்ன வடிகட்டியிலிருந்து கெட்டிப்படுத்திய பாலின்மேல் சொட்டுச் சொட்டாக இறங்குவது. டிகிரி காபி பழகிய நாக்குக்குச் சற்று அதிக இனிப்பு.

இவை எல்லாவற்றுக்கும் ஆதாரமாக நிற்பது நுவோக் மாம் என்னும் மீன் சாறு. நெத்திலி மூன்று பங்குக்கு உப்பு ஒரு பங்காகக் கலந்து, பெரிய மரத்தொட்டிகளில் ஏறக்குறைய ஓராண்டு ஊறவிட்டு, அடியிலிருந்து வடிக்கும் செம்பழுப்பு நிறச் சாறு அது. ஃபூ குவோக் தீவும் ஃபான் தியெட் கரையும் அதற்குப் பேர்போனவை. எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய் சேர்த்துக் கலக்கினால் தொட்டுக்கொள்ளும் கலவை ஆகிறது. அது இல்லாவிட்டால் சா யோவும் பான் ஸேயோவும் பாதியாகிவிடும். புட்டியில் அடைத்து அந்நிய தேசத்திலிருந்து வருவதையே இங்குள்ளவர்கள் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் மல்லையை அடுத்த கொக்கிலமேடு, தேவனேரி போன்ற குப்பங்களில் நெத்திலி கருவாடாகக் காய்கிறது. மரக்காணத்தில் உப்பு குவிந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே சாலையின் ஓரத்தில் இருக்கின்றன. மீனவப் பெண்களின் சங்கம் ஒன்று இந்தச் சாற்றை இங்கேயே தயாரிக்க முற்பட்டு ஒரு தொட்டியை நிரப்பிப் பார்க்கலாம். வடித்த சாற்றின் நிறத்தைப் பார்த்தும் மணத்தை முகர்ந்தும் இது தேறும், இது தேறாது என்று சொல்லக்கூடிய மூதாட்டிகள் புதுச்சேரியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டே அதைத் தொடங்க வேண்டும்.