இலண்டன் - சிட்னி வான்வழித் தூரம்

இலண்டன் - சிட்னி வான்வழித் தூரம் என்பது இங்கிலாந்தின் இலண்டன் ஹீத்ரோ வானூர்தி நிலையத்திற்கும் ஆஸ்திரேலியாவின் சிட்னி வானூர்தி நிலையத்திற்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய தூரத்தைக் குறிக்கும். இது ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் ஆகும். புவியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என்பதால், எந்த இரு இடங்களுக்கும் இடையே இருக்கக்கூடிய மிகக்கூடிய தூரம் 20,000 கிலோமீட்டர் மட்டுமே. இவ்விரு நகரங்களும் அந்த எல்லையை நெருங்கி அமைந்துள்ளன.

கணிக்கும் முறை

கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை, கோளத்தின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு வில்லாகும். இரு நகரங்களின் அகலாங்கு, நெட்டாங்கு ஆகியவற்றிலிருந்து புவி மையத்தில் உருவாகும் கோணத்தைக் கணிக்கலாம். இலண்டனுக்கும் சிட்னிக்கும் இக்கோணம் ஏறத்தாழ 153 பாகை ஆகும். ஒரு பாகை ஏறத்தாழ 111.2 கிலோமீட்டருக்குச் சமம். இரண்டையும் பெருக்கினால் தூரம் கிடைக்கும்.

தட்டையான உலக வரைபடத்தில் சிட்னி இலண்டனுக்குத் தென்கிழக்கே காணப்படுகின்றது. ஆயினும் பெருவட்டப் பாதை இலண்டனிலிருந்து வடகிழக்காகத் தொடங்கி, உருசியா, சீனா ஆகியவற்றைக் கடந்த பின்னரே ஆஸ்திரேலியாவை அடைகின்றது.

நடைமுறைத் தூரம்

வானூர்திகள் பெருவட்டப் பாதையில் அப்படியே பறப்பதில்லை. காற்றின் திசை, வான்பரப்பு அனுமதி, போர்ப் பகுதிகள் ஆகியவற்றால் பாதை நீளும். 2022 பெப்ரவரியில் உருசியா தன் வான்பரப்பைப் பிரித்தானிய வானூர்திகளுக்கு மூடியது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மேலும், உயர் வளிமண்டலத்தில் மேற்கிலிருந்து வீசும் தாரைக்காற்றின் உதவியால், சிட்னி நோக்கிய பயணம் பொதுவாக மறுதிசைப் பயணத்தை விட விரைவானது.

வரலாறு

1919 இல் ரோஸ் சிமித், கீத் சிமித் சகோதரர்கள் இரு பொறிவல்லுநர்களுடன் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை 28 நாட்களில் அடைந்தனர்.

இரண்டாம் உலகப் போரில் சப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியதால் வழக்கமான வான்வழி துண்டிக்கப்பட்டது. இதனால் 1943 முதல் 1945 வரை பேர்த் நகருக்கும் இலங்கையின் கொக்கலை ஏரிக்கும் இடையே கட்டலைனா கடல் வானூர்திகள் இயக்கப்பட்டன. ஏறத்தாழ 30 மணிநேரம் நீடித்த இப்பயணத்தில், எரிபொருளின் எடை காரணமாக மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற இயலவில்லை. பயணத்தில் இரு முறை சூரிய உதயம் காணப்பட்டதால் இது "இரட்டைச் சூரிய உதயம்" எனப் பெயர் பெற்றது.

1947 திசம்பரில் குவாண்டாஸ் நிறுவனம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி வழியாகச் சிட்னியிலிருந்து இலண்டனுக்கு நான்கு நாட்களில் செல்லும் சேவையைத் தொடங்கியது. இது "கங்காரு வழித்தடம்" என அழைக்கப்படுகின்றது.

இடைநில்லாப் பயணம்

நெடுந்தூரப் பயணத்தின் முதன்மைச் சிக்கல் எடையாகும். கூடுதல் தூரத்திற்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் செலவாகும். 1989 ஆகத்தில் ஒரு போயிங் 747-400 வானூர்தி 23 பேருடன் மட்டும் இலண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடங்களில் இடைநில்லாமல் பறந்தது. எரிபொருளைச் சேமிக்க, அது ஓடுபாதையின் தொடக்கம் வரை இழுத்துச் செல்லப்பட்டது. 2019 நவம்பரில் போயிங் 787-9 வானூர்தி ஒன்று ஆய்வுப் பயணமாக இதே தூரத்தை 19 மணி 19 நிமிடங்களில் கடந்தது.

2018 மார்ச்சில் பேர்த் - இலண்டன் இடையே 14,498 கிலோமீட்டர் தூர இடைநில்லாச் சேவை தொடங்கியது. சிட்னி - இலண்டன் இடைநில்லாச் சேவைக்காக, 2022 இல் குவாண்டாஸ் 12 ஏர்பஸ் ஏ350-1000 வானூர்திகளை வாங்குவதாக அறிவித்தது.