பிரெஞ்சுக் கதிரியல் அறிக்கைகளும் ஆங்கில மொழிபெயர்ப்பும்

மருத்துவச் சொற்களை ஒரு மேலைத்தேய மொழியிலிருந்து மற்றொன்றிற்குப் பெயர்ப்பது எளிதென்பது பொதுவான எண்ணம். பிரெஞ்சும் ஆங்கிலமும் தம் மருத்துவச் சொற்களுட் பெரும்பாலானவற்றைக் கிரேக்க, இலத்தீன் வேர்களிலிருந்தே ஆக்கிக்கொண்டன. ஆதலால், எழுத்தையும் ஈற்றையும் சிறிது மாற்றினாற் பிரெஞ்சுச் சொல் தானே ஆங்கிலமாகிவிடும் என்று கருதுவோர் உளர். உடலின் உட்புறத்தைப் படம்பிடித்து நோயறியும் கதிரியற்றுறையில் இக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பிரான்சிலே பரிசோதிக்கப்பட்ட நோயாளி இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ சிகிச்சையைத் தொடருங்கால், அங்குள்ள மருத்துவர் மொழிபெயர்ப்பை நம்பியே முடிவெடுக்க நேரிடலாம். எனவே இது வெறும் சொல்லாராய்ச்சியன்று.

முதலில் ஒத்த தோற்றமுடைய சொற்களை நோக்குவோம். 'ஸ்கானர்' என்பது ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சு பெற்ற சொல். ஆங்கிலத்தில் அது வருடிப் படமெடுக்கும் எக்கருவியையும் குறிக்கும். பிரெஞ்சு மருத்துவ வழக்கிலோ அதன் பொருள் சுருங்கிவிட்டது. எக்ஸ் கதிர்களைப் பல திசைகளிலிருந்து செலுத்தி, கணினியின் துணையால் உடலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை ஆக்கும் முறையொன்றையே அது சுட்டும். கருவிக்கும் பரிசோதனைக்கும் அதுவே பெயர். 1971 இல் இலண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவரின் மூளையைப் படம்பிடித்ததும், அதனை ஆக்கிய ஹவுன்ஸ்பீல்டுக்கு 1979 இல் கோர்மாக்குடன் நோபல் பரிசைப் பெற்றுத்தந்ததும் இம்முறையே. ஆகவே பிரெஞ்சு 'ஸ்கானர்' ஆங்கிலத்தில் 'சி.ரி.' என்றே வரல் வேண்டும். 'மூளை ஸ்கான்' என்று மட்டும் எழுதிவிட்டால், எடுக்கப்பட்டது எக்ஸ் கதிர்ப் படமா, காந்தப் பரிவுப் படமா என்பது படிப்பவருக்குப் புலனாகாது.

'காங்கிலியோன்' என்னும் சொல் இதனினும் இடர் தருவது. பிரெஞ்சுக் கதிரியல் அறிக்கையில் இது பெரும்பாலும் நிணநீர்க் கணுவைக் குறிக்கும். ஆங்கிலத்தில் 'காங்கிலியன்' என்பதோ நரம்புக் கலங்களின் திரட்சியை, அல்லது மணிக்கட்டு முதலிய மூட்டுகளின் அருகே தோன்றும் நீர்க்கட்டியைக் குறிக்கும். புற்றுநோய் பரவியுள்ளதா என்று தேடும் மருத்துவருக்கு நிணநீர்க் கணுவின் வீக்கம் முதன்மையான செய்தியாகும். எழுத்தொற்றுமையை நம்பிய மொழிபெயர்ப்பில் அச்செய்தி மறைந்துவிடும்.

இனி, அன்றாட வழக்கிலுள்ள சொற்கள் துறைச்சொற்களாகும் நிலையைக் காண்போம். 'பிறீஸ் து கொந்திராஸ்த்' என்னும் தொடர் இதற்குத் தக்க சான்றாகும். இழையங்களைப் படத்தில் வேறுபடுத்திக் காட்டுதற்காக நாளத்தில் ஏற்றப்படும் மருந்தே 'கொந்திராஸ்த்'. 'பிறீஸ்' என்பதற்கு எடுத்தல், கொள்ளல் என்பன பொருள். இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் 'நோயாளி மருந்தை உட்கொண்டார்' என விளங்கிக்கொள்ளக்கூடும். உண்மையில், ஏற்றிய மருந்தை ஒரு கட்டியோ உறுப்போ வாங்கிக்கொண்டு படத்திலே துலங்குவதையே அது குறிக்கின்றது. ஆங்கிலத்தில் இதற்குரிய சொல் 'என்ஹான்ஸ்மன்ற்' என்பதாகும்.

இவ்வேறுபாட்டின் விளைவு சிறிதன்று. சிறுநீரகத்திலுள்ள எளிய நீர்க்கட்டி மருந்தை வாங்கித் துலங்குவதில்லை. துலங்கும் திண்மக் கட்டியோ புற்றுநோய் என்ற ஐயத்தை எழுப்பும். 'பிறீஸ் து கொந்திராஸ்த் இல்லை' என்று பிரெஞ்சு மருத்துவர் எழுதியது நோயாளிக்கு ஆறுதலான செய்தி. அதனை 'மருந்து ஏற்றப்படவில்லை' என்று பெயர்த்தால், ஆறுதல் அழிவதோடு, முடிந்த பரிசோதனை முடியாததாகத் தோன்றும். நோயாளி மீண்டும் கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் உட்பட நேரலாம்.

'எவொலூத்திவ்' என்பது 'பரிணாமத்துக்குரிய' என்று பொருள்படுவதன்று. நோய் இன்னும் முனைப்பாக இருக்கின்றது அல்லது வளர்கின்றது என்பதே கருத்து. 'கொந்திறோல்' என்பதும் கட்டுப்பாடன்று. '3 மாதத்திற் கொந்திறோல் ஸ்கானர்' எனின், 3 மாதங் கழித்து மீண்டும் சி.ரி. எடுத்து மாற்றத்தை அறிக என்பதே பணிப்பு. இங்கே சொல் தவறினால் நாளும் தவறிவிடும்.

சுருக்கக் குறியீடுகளும் எண்களும் தனிக் கவனத்துக்குரியன. பிரெஞ்சில் பெயரடை பெயர்ச்சொல்லின் பின் வருவது பெருவழக்காதலால், சுருக்கங்களின் எழுத்து வரிசையும் மாறும்: பிரெஞ்சு 'ஐ.ஆர்.எம்.' ஆங்கிலத்தில் 'எம்.ஆர்.ஐ.' ஆகும், 'ரி.இ.பி.' என்பது 'பி.இ.ரி.' ஆகும். 'எக்கோ' என்னும் குறுக்கம் பிரெஞ்சில் எவ்வுறுப்பின் கழியொலிப் பரிசோதனைக்கும் வழங்கும். ஆங்கில மருத்துவரோ அதனை இதயப் பரிசோதனையாகவே பெரும்பாலும் கொள்வர். பிரெஞ்சில் தசமப் புள்ளியினிடத்திற் காற்புள்ளி இடப்படும். 12,5 மில்லிமீற்றர் என்பதை 12.5 என மாற்ற வேண்டும். காற்புள்ளி விடுபட்டுப்போயின் சிறு முடிச்சு 125 மில்லிமீற்றர்ப் பெருங்கட்டியாகிவிடும்.

ஆங்கிலமும் ஒன்றன்று என்பதை மனங்கொள்ளல் தகும். படமெடுக்கும் பணியாளரைப் பிரெஞ்சுக்காரர் 'மனிப்புலாத்தர்' என்பர். பிரித்தானியர் அவரை 'றேடியோகிறாபர்' என்றும், அமெரிக்கர் 'ரெக்னோலொஜிஸ்ற்' என்றும் வழங்குவர். மொழிபெயர்ப்பைப் படிக்கப்போகும் மருத்துவர் எந்நாட்டவர் என்பதும் சொற்றெரிவை வரையறுக்கின்றது.

இதுவரை கூறியவற்றால், சொல்லின் வடிவம் நம்பத்தக்க வழிகாட்டியன்று என்பது பெறப்படும். மொழிபெயர்ப்பாளர் மூலத்தையும் தம் பெயர்ப்பையும் அருகருகே வைத்து நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று. எக்கருவி பயன்பட்டது? மருந்து ஏற்றப்பட்டதா? காணப்பட்டது யாது? இனிச் செய்யவேண்டியது யாது? இரண்டும் நான்கிற்கும் ஒரே விடையைத் தருமாயின் பெயர்ப்பு நிறைவுடையது. ஒன்றேனும் வேறுபடின் அகராதியோடு அமையாது, கதிரியல் மருத்துவரை வினவித் தெளிதலே முறை. அறிக்கையிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் விடைக்குக் காத்திருக்கும் நோயாளி ஒருவர் இருக்கின்றார் என்பதை நாம் மறத்தலாகாது.