பிச்சாவரம்: ஓதத்துக்கு வழிவிட்ட வாய்க்கால்கள்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே விரிந்திருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. படகில் போகிறவர்கள் கண்ணுக்குப் பசுமைதான் தெரியும். ஆனால் காட்டுக்குள்ளே, சுரபுன்னையும் வெண்கண்டலும் நின்ற இடங்கள் பல, ஒரு காலத்தில் உப்புப் பூத்து மொட்டையாகக் கிடந்தன.

மாடு மேய்த்தும் விறகு வெட்டியும் ஊர்மக்கள்தான் காட்டை அழித்தார்கள் என்றே முன்பு நம்பப்பட்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் தரையை ஆராய்ந்தபோது உண்மை வேறாக இருந்தது.

பிரிட்டிஷ் காலம் தொடங்கி 1970-கள் வரை, காடு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, முறைவைத்து ஒட்ட வெட்டப்பட்டது. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து அமுங்கியது, தரை பள்ளமானது. ஓதம் ஏறும்போது புகுந்த நீர், இறங்கும்போது வடிய வழியின்றித் தேங்கியது. நீர் ஆவியாக, உப்பு மட்டும் மண்ணில் சேர்ந்தது. உவர்நீரில் வளரும் கண்டல் கன்றுகளே பிழைக்க முடியாத அளவுக்குச் சேர்ந்தது. தமிழகக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பொதுவாக ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், தரை சற்றே தாழ்ந்தாலும் பாதிப்பு பெரிது.

அங்கே கன்று நட்டுப் பயனில்லை. முதலில் நீர் ஓட வேண்டும்.

வனத்துறையும் ஊர்மக்களும் ஆய்வாளர்களுடன் கைகோத்தார்கள். இயற்கை ஓடையிலிருந்து பள்ளத்துக்குள் ஒரு பெரிய வாய்க்கால் வெட்டினார்கள். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம். ஓதம் நாள்தோறும் ஏறி இறங்க, மண்ணின் உப்பு கரைந்து வெளியேறியது. பிறகுதான் வெண்கண்டல் நட்டார்கள்; அது வேரூன்றியது. முத்துப்பேட்டையிலும், ஆந்திரத்தின் கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்களிலும் இதே முறை பின்பற்றப்பட்டது.

காடு மீள்வது மரத்தோடு நிற்கும் செய்தியல்ல. அலையாத்தியின் வேரிடுக்குகளில்தான் இறால், மீன் குஞ்சுகள் வளர்கின்றன. இங்கே கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களின் அன்றாடச் சோறு அது. 2004 சுனாமிக்குப் பின் கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான கட்டுரை, மரங்கள் அடர்ந்த பகுதிகளுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது.

ஆனால் காட்டை மீட்ட அந்த வாய்க்கால்களில் வண்டல் படிந்துகொண்டே இருக்கும். தூர்வாராமல் விட்டால் நீர் மீண்டும் தேங்கும், உப்பு மீண்டும் ஏறும். கன்று நட ஒதுக்கும் நிதியோடு, தூர்வாரவும் நிரந்தரமாக நிதி ஒதுக்க வேண்டும்; வாய்க்காலை அறிந்த ஊர்மக்களிடமே அந்த வேலையை ஒப்படைக்க வேண்டும்.